சோப்பா, சானிடைசரா: டெல்டா மாவட்டத்துக் கைகளின் தோலுக்கு எது நல்லது?

சானிடைசர் தோலை வறளச் செய்து கெடுத்துவிடும், சோப்பு ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் கொரோனா காலத்திலிருந்தே நம் பக்கத்தில் பலரிடம் ஊன்றிவிட்டது. அது பாதி உண்மைதான். எதைக் கொண்டு சுத்தம் செய்கிறோம் என்பதைவிட, அந்தக் கை அதற்கு முன் எதில் கிடந்தது என்பதே தோலின் நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

தோலின் மேலடுக்கில் உள்ள செல்களைச் செங்கற்களாகக் கொண்டால், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புகள் அவற்றைப் பிணைக்கும் சாந்து. சோப்பு அழுக்கோடு சேர்த்து இந்தக் கொழுப்பையும் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. மேலும், தோலின் பி.எச். (அமில-காரத்தன்மையைக் காட்டும்) அளவு 5-ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டதாயிருக்க, வழக்கமான கட்டிச் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை காரத்தன்மையோடு இருக்கிறது. ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைக்கும். ஆனால் கழுவி ஊற்றப்படாமல் அது ஆவியாகிவிடுவதால், கொழுப்பின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்பு முறையில் 80 விழுக்காடு எத்தனாலுடன் 1.45 விழுக்காடு கிளிசரால் (கிளிசரின்) சேர்க்கப்படுவதும் தோல் வறளாமல் இருக்கவே.

ஆகவே நாள் முழுவதும் ஊசி போடும் கிராம சுகாதார செவிலியர் போன்றோருக்கு, கையில் அழுக்கு தெரியாத நேரங்களில், கிளிசரின் கலந்த சானிடைசரே சோப்பைவிடத் தோலுக்கு இதமானது. செவிலியர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டியுள்ளன. தடவியதும் எரிகிறதென்றால், பெரும்பாலும் அடிக்கடி சோப்பு போட்டதால் தோல் முன்பே வெடித்திருக்கிறது என்று பொருள். சோப்பு போட்டுக் கழுவிய உடனே, ஈரம் காயும் முன்பே சானிடைசரையும் தடவும் வழக்கம் இரண்டின் பாதிப்பையும் ஒருசேர வரவழைப்பது. அதை விட்டுவிடுவது நல்லது.

நடவு வயலில் நிலைமை முற்றிலும் வேறு. குறுவைக்கு நாற்றுப் பறித்து, அவற்றை முடிகளாக (கட்டுகளாக)க் கட்டி, நடவு முடித்து வரப்பேறும் பெண்களின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகத்தை ஒட்டிய சதை சிவந்து, தொட்டாலே வலிக்கும் நகச்சுற்றாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். ஊறிய தோல் எளிதில் கிழியும். அந்தக் கையில் சானிடைசர் ஊற்றினால், சேறு ஆல்கஹாலைத் தோலைத் தொடவிடாது, ஈரம் அதை நீர்த்துப்போகச் செய்யும், வெடிப்புகளில் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். பூச்சிமருந்தைக் கையாண்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: சானிடைசர் மருந்தை அகற்றுவதாக நம்பக்கூடாது, சோப்பும் தாராளமான தண்ணீரும் வேண்டும். இங்கே சோப்புக்கு ஈடு கிடையாது.

ஆனால் எந்தச் சோப்பு? கைக்குக் கிடைத்த துணி சோப்பைத் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். அதன் கடுமை கைத்தோலுக்கு ஆகாது. குளியல் சோப்பு வாங்குவோர் உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) அளவைப் பார்க்கலாம், 76 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது முதல் தரம். வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீரில் நுரை வராததால் சோப்பை மேலும் மேலும் தேய்க்கிறோம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு தோலில் தங்கி உறுத்துகிறது. அங்கே கட்டிச் சோப்பைவிட, வாசனை சேர்க்காத, காரத்தன்மை குறைந்த திரவச் சோப்பு மேல்.

ஆல்கஹால் இல்லாத சானிடைசர்கள் வெடிப்பில் எரிவதில்லை. எனினும் அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிக்கொல்லி சிலருக்கு ஒவ்வாமையைத் தரும்; சில கிருமிகளிடம் அதன் வீரியமும் குறைவு. எனவே அதை முதல் தேர்வாகக் கொள்ள மாட்டேன். ஆல்கஹால் வகையில் எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெத்தனால் கலந்தது தோல் வழியாகவும் உடலில் ஏறும் நஞ்சு என்பதால், பெயரற்ற மலிவுப் புட்டிகளைத் தொடவே வேண்டாம்.

எதைப் பயன்படுத்தினாலும் இரவில் விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்திய பிறகு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுவது, இழந்த கொழுப்பை ஓரளவு ஈடுகட்டும். நகச்சுற்று வாரக்கணக்கில் ஆறாவிட்டாலோ சீழ் கோத்தாலோ, அதன்மேல் சானிடைசரை ஊற்றிக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்ட வேண்டும்.