பெரிய டிஷ்ஷைத் திருப்ப: ஆக்சுவேட்டரா, டைசெக் மோட்டாரா?

சிங்கப்பூரில் வீட்டில் டிஷ் வைக்க உரிமம் வேண்டும். அதனால் என் சோதனையெல்லாம் மலேசியாவில், ஜோகூரில் மாமா வீட்டு மாடியில்தான். எட்டடி சாட்டிலைட் டிஷ். ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு அதைத் திருப்ப ஒரு மோட்டார் வேண்டும்.

டைசெக் (DiSEqC) மோட்டார் என்பது ரிசீவரின் கட்டளைப்படி டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார். அதற்கு வயரிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரிசீவரிலிருந்து போகும் அதே கோஆக்சியல் கேபிளில் மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே போகும். ஆனால் ஒரு மீட்டரை ஒட்டிய சின்ன டிஷ்ஷுக்குத்தான் அது. எட்டடியை ஏற்றினால் பல்சக்கரம் தாங்காது. ஆகவே மாமாவுக்கு ஆக்சுவேட்டர்தான், அதாவது நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் தள்ளி இழுக்கும் மோட்டார் தண்டு. வேலை கூடினாலும் சரி.

இதில் நான்கு வயர். இரண்டு மோட்டாருக்கு, 36 வோல்ட் டிசி. பிளஸ் மைனஸை மாற்றினால் எதிர்த்திசையில் நகரும். மற்ற இரண்டு ரீட் சென்சருக்கு, அதாவது காந்தம் அருகே வந்தால் இயங்கும் சின்ன சுவிட்சுக்கு. மோட்டார் சுழலச் சுழல அது தரும் துடிப்புகளை எண்ணித்தான் டிஷ் எங்கே நிற்கிறது என்று பொசிஷனர், அதாவது ஆக்சுவேட்டரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கணக்கிடும். சத்தம்போடும் மோட்டார் வயரை விட இந்த அமைதியான சென்சார் ஜோடிதான் தொல்லை தரும். அதற்கு ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோகக் கவசம்) உள்ள கேபிள் போட்டு, ஷீல்டைப் பொசிஷனர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். எண்ணிக்கை தப்பினால் டிஷ் வேறெங்கோ போய் நிற்கும். தூரம் அதிகமென்றால் மோட்டார் வயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி மோட்டார் திணறும்.

அப்புறம், நம் பக்கத்து மழை! மோட்டார் உறையின் வடிகால் துளை கீழே பார்க்கவேண்டும்.