சுவர் ஒட்டிய பழைய கடையை இடிக்க: பொக்லைனா, ஆட்களா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற கடைத்தெருவில் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடையோடு சுவர் பொதுவாக இருந்தால், ஆட்களை வைத்து மேலிருந்து கீழாகப் பிரித்து இறக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுங்கள். எங்கள் குடும்பத்து மண்டிக் கட்டடத்தை அப்படித்தான் இறக்கினோம். முன்பகுதி சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவரும், மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்டது. பின்பகுதி பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட்.

வெடி வைத்துத் தகர்ப்பது இங்கே பேச்சுக்கே இடமில்லாதது. 2016 நவம்பரில் சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடத்தை அப்படித் தகர்த்தபோது சுற்றுவட்டார மக்களையெல்லாம் வெளியேற்ற வேண்டியிருந்தது. மூட்டையும் லாரியுமாக நெரியும் மண்டித் தெருவில் அது நடக்காது.

மிஞ்சுவது மூன்று வழிகள்: பிரேக்கர் (அடித்து உடைக்கும் கருவி) பொருத்திய பொக்லைன், ஆட்கள், வைர பிளேடு கட்டர். பொக்லைன்காரர் வேகமாக முடிப்பார். கம்பியையும் மரத்தையும் தானே எடுத்துக்கொண்டு உங்களுக்கே பணம் தருவதாகக்கூடச் சொல்வார். ஆட்களை வைத்து இடிப்பவர் நம்மிடம்தான் பணம் கேட்பார், நாளும் அதிகம் ஆகும். ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் கையால் பிரித்தால் முழுசாக வரும், மறுபடி விற்கலாம். சிமென்ட் கலவையில் கட்டியது அப்படி வராது. தேக்கு உத்தரங்களும் பிளக்காமல் இறங்கும். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால், முதலில் பார்த்த விலை வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடுகிறது.

ஆனாலும் நான் முடிவெடுத்தது காசை வைத்து அன்று, பொதுச் சுவரை வைத்து.

ஒரு சுவரை நிமிர்த்தி வைத்திருப்பது அதன் கனம் மட்டுமன்று, இருபக்கமும் அதைப் பிடித்திருக்கும் தளங்களும்தான். நம் பக்கத்துத் தளத்தை எடுத்ததும் அது ஒரு பக்கம் பிடிப்பில்லாத உயரச் சுவராகிவிடுகிறது. பக்கத்துக் கடையின் உத்தரங்களோ இன்னும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரேக்கரின் ஒவ்வொரு அடியும் தளத்தின் வழியாக அந்தச் சுவருக்குள் இறங்குகிறது. பக்கெட்டால் தளத்தை இழுத்தால் சுவரில் புதைந்த முனை செங்கலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே பக்கத்துக் கடைக்காரரை உடன் வைத்துக்கொண்டு அவர் சுவரில் உள்ள விரிசல்களைப் படமெடுத்து, தேதியிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். அது உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள், உடனே வேலையை நிறுத்த வேண்டும். தளத்தை எடுத்துவிட்டுப் பிறகு முட்டுக் கொடுக்கலாம் என்று சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள். முட்டு முதலில், தளம் பிறகு.

பின்பகுதியில் கான்கிரீட் தளத்தின் கம்பிகள் பொதுச் சுவருக்குள்ளேயே போயிருந்தன. அங்கே மட்டும் கட்டர் வைத்தோம். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டிப் பிரித்து, சுவருக்குள் இருந்த துண்டைத் தொடாமல் விட்டுவிட்டோம். அதிர்வு என்று சொல்ல ஒன்றுமில்லை. பிளேடைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர்தான் தொல்லை: பக்கத்தில் வெல்ல மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள், அந்தப் பக்கம் போகாமல் வரப்புக் கட்டித் திருப்பினோம். கட்டருக்கு வாடகை அதிகம். முழுக் கட்டடத்தையும் அதைக் கொண்டே வெட்டினால் எப்படியிருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

இடித்ததோடு அந்தச் சுவரின் கதை முடிவதில்லை. உள்சுவராகவே இருந்தது இப்போது மழைக்கு நேராக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பூச்சு ஏற வேண்டும், அதுவரை தார்ப்பாய் மூட வேண்டும். புதிய அடித்தளத்துக்கு அதன் ஓரத்தில் நீளமாக ஒரே பள்ளம் தோண்டிவிடக் கூடாது. சிறு சிறு பகுதியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்ட வேண்டும்.

ஆட்களை வைத்து இடிப்பதில் என்னை உறுத்துவது அவர்களுடைய உயிர். நான்கு பக்கமும் இடம் விட்ட கான்கிரீட் கட்டடம், ஓமலூர் சாலையோரத்தில் இருப்பது போல, உங்களுடையது என்றால் தயங்காமல் பொக்லைனை வையுங்கள். உயரத்தில் மனிதர்கள் நிற்கத் தேவையில்லை. ஆட்கள்தான் என்றால் இடுப்புப் பட்டை, தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. ஒருவர் தலைக்குமேல் இன்னொருவர் உடைக்கக் கூடாது. இடிபாட்டைத் தளத்தின்மேல் குவிக்கவே கூடாது. அந்தக் கனத்தில் தளம் ஆட்களோடு இறங்கிவிடும். ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர நிர்ணயம் இடிப்பு வேலையின் பாதுகாப்புக்கென்றே இருக்கிறது. பேச வரும் ஒப்பந்தக்காரரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், முகத்திலேயே விடை தெரியும்.

கிடங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் நனைத்து, போல்ட் கழற்றி, உடையாமல் இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இடிபாடு எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பு. ஒரே நாளில் 20 டன்னோ மாதத்தில் 300 டன்னோ தாண்டினால் கான்கிரீட், மண், செங்கல், இரும்பும் மரமும் என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என 2016இல் வந்த விதிகளே சொல்லிவிட்டன. ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வரும் லாரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் எழுதிக்கொண்டது ஒன்றுதான்: கடைசித் தவணைப் பணம் இடித்து முடித்த அன்று கிடையாது. பொதுச் சுவருக்குப் பூச்சு முடிந்து, ஒரு நல்ல மழை பெய்து, பக்கத்துக் கடைக்காரர் ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே. இதற்கு ஒப்புக்கொள்ளாத ஒருவர் அன்றே எழுந்து போய்விட்டார். ஒப்புக்கொண்டவருக்கே வேலையைக் கொடுத்தோம்.