ஐபோன் செயலியில் திரை மாற்றும் வழிகள்: புஷ், மோடல், நேவிகேஷன் ஸ்டாக் – ஓர் ஒப்பீடு

ஐபோன் செயலியொன்றில் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குச் செல்ல வழிகள் பல உண்டு. எந்த வழியைத் தெரிவு செய்வது என்று கேட்டால், எது எழுத இலகுவோ, எது அழகாக அசைகிறதோ அதைச் சொல்லிவிட்டு நகர்வதே வழக்கமாகிவிட்டது. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் செயலி எழுதப் பழகும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் நான் இதை மாற்றிப் பார்க்கிறேன். பயனர் அந்தத் திரையிலிருந்து எப்படித் திரும்பி வருவார், வரும்போது எந்தத் தகவலைக் கொண்டுவருவார் என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டால், போகும் வழி எதுவென்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பயிற்சிக்காக நாங்கள் எடுத்துக்கொள்ளும் செயலி தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைப் பதிவேடு. தோட்டத்தில் புழங்கும் கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் அன்ட்ரொய்ட் என்பது உண்மைதான். ஆயினும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் சார்ந்த வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு, வீட்டில் எல்லோரும் அறிந்த ஒரு வேலையை வைத்து விளக்குவது நல்லது. தோட்டத்தின் பிரிவு, அதற்குள் மலை எனப்படும் கொழுந்தெடுக்கும் பகுதி, அந்த மலையில் இன்று கொழுந்தெடுப்பவர்களின் பட்டியல், அதற்குள் ஒருவருடைய நாள் பதிவு என்று திரைகள் ஒன்றின்பின் ஒன்றாக அமைகின்றன. நாள் பதிவில் தராசு காட்டும் நிறையையும் கூடைக்கும் ஈரத்துக்கும் போடப்படும் கழிவையும் பதிந்தால் நிகரக் கிலோ வரும். அந்தக் கிலோவை வைத்தே முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா (பாதிநாள் சம்பளமா) என்பது முடிவாவதால், திரை மாறும்போது ஒரு பதிவு காணாமல் போவது ஒருவருடைய சம்பளத்தில் கைவைப்பதாகும்.

முதலில் புஷ். திரை மாற்றத்தை நிர்வகிக்கும் நேவிகேஷன் கண்ட்ரோலர் தனக்குள் வியூ கண்ட்ரோலர்களின், அதாவது ஒவ்வொரு திரையையும் இயக்கும் பகுதிகளின், ஓர் அடுக்கை வைத்திருக்கிறது. புஷ் செய்தால் புதிய திரை மேலே ஏறும், பொப் செய்தால் மேலே இருப்பது நீங்கும், அடியில் உள்ள முதல் திரை மட்டும் எப்போதும் நிற்கும். 2008இல் வெளியார் செயலி எழுதுவதற்கு ஐபோன் திறந்துவிடப்பட்டபோதே இது இருந்தது. பிரிவிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஆளுக்கும் இறங்கிச் செல்வது போன்ற வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. திரும்பும் வழியும் இலவசமாகக் கிடைக்கிறது: பின்செல்லும் பொத்தான் தானாக வருகிறது, ஐஓஎஸ் 7 முதல் இடது ஓரத்திலிருந்து விரலால் இழுத்தும் திரும்பலாம், ஐஓஎஸ் 14 முதல் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கடந்துவந்த திரைகளின் பட்டியலே விரிகிறது.

தமிழில் செயலி எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்செல்லும் பொத்தானில் எழுத்து காட்டப்படும்போது அது முந்தைய திரையின் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ‘கொழுந்தெடுக்கும் தொழிலாளர் பட்டியல்’ என்பது போன்ற நீண்ட தலைப்புக்கு அங்கே இடம் போதாது. இயங்குதளம் அதை விட்டுவிட்டுப் பொதுச் சொல்லையோ வெறும் அம்புக்குறியையோ காட்டும். பொத்தானுக்கெனச் சுருக்கமான எழுத்தைக் கொடுக்கலாம். ஆனால் அதைத் திரும்பிச் செல்லும் திரையில், அதாவது பட்டியல் திரையில், கொடுக்க வேண்டும். பலர் அதை இப்போது கண்முன்னே இருக்கும் திரையில் எழுதிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பதிலாக இடப்பக்கத்தில் சொந்தப் பொத்தானொன்றை வைத்துவிட்டால் ஓரத்திலிருந்து இழுக்கும் வசதி நின்றுபோகும். ஒரு கையில் கூடையைப் பிடித்துக்கொண்டு மறுகைப் பெருவிரலால் தொலைபேசியை இயக்குபவருக்கு அது சிறிய இழப்பன்று.

அந்த இழுப்பிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திரையைப் பாதிவரை இழுத்துவிட்டு மனம்மாறி விட்டுவிடலாம் அல்லவா? அப்படிச் செய்தாலும் மேல்திரையின் ‘வியூ வில் டிஸப்பியர்’, அதாவது திரை மறையுமுன் தானாக ஓடும் நிரல்பகுதி, ஒருமுறை ஓடிவிடும். பிறகு அதே திரை மீண்டும் தோன்றும். ஆகவே ‘திரை மறையப்போகிறது, பதிவைச் சேமி’ என்று அந்த இடத்தில் எழுதியிருந்தால், முடியாத பதிவு சேமிக்கப்பட்டுவிடும். திரை மறைந்த பின் ஓடும் ‘வியூ டிட் டிஸப்பியர்’ வரை பொறுத்திருந்து, திரை உண்மையிலேயே அடுக்கிலிருந்து நீங்கியதா என்பதையும் பார்த்த பின்னர் செய்வதே சரி.

மோடல் என்பது இதற்கு நேர் எதிரான குணமுடையது. புஷ் ஒரு வரிசையைத் தொடர்கிறது. மோடல் அந்த வரிசையை நிறுத்திவைத்து, ‘இந்த வேலையை முடித்துவிட்டோ கைவிட்டோ வா’ என்கிறது. புதிய நிறுவையைப் பதியும் படிவத்துக்கு இதுவே தகும் என்பது என் முடிவு, ஏனெனில் அங்கே திரும்புவதற்கு ‘சேமி’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு வழிகள்தாம் இருக்க வேண்டும். ஆனால் 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது மோடலின் இயல்புநிலை மாறியது. முன்பு முழுத்திரையையும் மூடிய அது, இப்போது கீழ்த்திரையின் விளிம்பு தெரிய ஒரு தாள் போல மேலெழுகிறது. கீழ்நோக்கி இழுத்தால் போய்விடுகிறது. மழையில் நனைந்த விரல் எண் விசைகளிலிருந்து வழுக்கிக் கீழே சறுக்கினால், தட்டிய நிறையெல்லாம் அதோடு மறைந்துவிடும். எண் ஒன்று தட்டப்பட்டவுடன் ‘இஸ் மோடல் இன் பிரசன்டேஷன்’ என்ற பண்பை உண்மை என ஆக்கிவிட்டால் அந்த இழுப்பு தடுக்கப்படும். பயனர் இழுக்க முயன்றதும் செயலிக்கு அறிவிக்கப்படுவதால், ‘பதிவைக் கைவிடவா?’ என்று கேட்கவும் முடியும். இந்த ஒற்றை வரி இல்லாத பதிவுப் படிவத்தை நான் முடிந்த வேலையாக ஏற்பதில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மிகவும் கூர்மையாகத் தெரியும் வேறுபாடு, திரும்பிவந்த பின் பட்டியல் புதுப்பிக்கப்படும் இடத்தில் இருக்கிறது. புஷ் செய்து பொப் ஆகி வரும்போது திரை தோன்றுமுன் ஓடும் ‘வியூ வில் அப்பியர்’ கீழ்த்திரையில் ஓடும். அங்கே பட்டியலை மீளப் படித்தால் போதும். தாள் வடிவ மோடலில் கீழ்த்திரை மறைந்ததாகவே அமைப்பு கருதாததால் அது ஓடாது, மொத்தக் கிலோ பழைய எண்ணிலேயே நிற்கும். பதிவு சேமிக்கப்பட்டிருக்கும், திரை மட்டும் பொய் சொல்லும். பார்ப்பவர் பதியவில்லை என நினைத்து அதே நிறையை இரண்டாம் முறை பதிவார். எனவே மோடலிலிருந்து வரும் விடையை டெலிகேட் (விடையைப் பெறும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பொருள்) மூலமோ குளோஷர் (பின்னர் ஓடும்படி கொடுத்துவைக்கும் நிரல்துண்டு) மூலமோ வெளிப்படையாகத் திருப்பி அனுப்ப வேண்டும். டெலிகேட்டைப் பிடித்துவைக்கும் சுட்டியும், குளோஷருக்குள் கண்ட்ரோலரைப் பிடிக்கும் சுட்டியும் வலுவற்றதாக (வீக்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரு கண்ட்ரோலர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நினைவகத்தை விட்டு நீங்காமல் போகலாம். இந்த முறை புஷ்ஷுக்கும் பொருந்துவதால், இரண்டிலும் இதையே பழகுமாறு சொல்கிறேன்.

திரைகளை வரைந்து அமைக்கும் ஸ்டோரிபோர்டில் கோடிழுத்துச் செக்வே (திரைகளை இணைக்கும் தொடுப்பு) அமைப்பதா, எல்லாவற்றையும் குறியீட்டிலேயே, அதாவது நிரலிலேயே, எழுதுவதா என்ற விவாதத்தை நீட்ட விரும்பவில்லை. தனியாள் முதற்செயலிக்குச் செக்வே போதும். இருவர் சேர்ந்து ஒரே ஸ்டோரிபோர்டைத் திருத்தத் தொடங்கினால் குறியீடே மேல். ஆனால் செக்வேயால் விளையும் ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். நாள் பதிவிலிருந்து பிரிவுத் திரைக்குத் திரும்ப வேண்டுமென்று புதிதாக ஒரு கோட்டை இழுத்தால், பழைய திரைக்குத் திரும்புவதில்லை. இன்னொரு பிரிவுத் திரை அடுக்கின் மேல் ஏறுகிறது. அடுக்கு வளர்ந்துகொண்டே போகும், பின்செல்லும் பொத்தான் பார்த்து முடித்த திரைகளுக்குள்ளேயே அலைக்கழிக்கும். பழைய திரைக்கே திரும்புவதற்கு ஐஓஎஸ் 6 முதல் அன்வைண்ட் செக்வே இருக்கிறது. குறியீட்டில் அடித்திரைக்கே பொப் செய்யும் கட்டளை இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசை நிற்கும்போது எழும் தேவை இன்னும் நுட்பமானது. ஒருவருடைய நிறுவை முடிந்ததும் ‘அடுத்தவர்’ என்ற பொத்தானைத் தட்டினால் அடுத்தவருடைய பதிவு வர வேண்டும். இதைப் புஷ் ஆக எழுதினால், வரிசை முடிந்தபின் பட்டியலுக்குத் திரும்ப நிறுத்து முடித்த ஒவ்வொருவரையும் கடந்துவர வேண்டியிருக்கும். இங்கே தேவைப்படுவது அடுக்கின் மேல்திரையை மட்டும் மாற்றுவது. இதுவரை சொன்ன கண்ட்ரோலர்கள் அடங்கிய பழைய கருவித்தொகுப்பான யூஐகிட்டில், நேவிகேஷன் கண்ட்ரோலரின் வியூ கண்ட்ரோலர் வரிசையைப் பிரதியெடுத்து, கடைசியை மாற்றி, முழு வரிசையையும் திருப்பிக் கொடுக்கலாம். 2022இல் ஐஓஎஸ் 16உடன், புதிய கருவித்தொகுப்பான ஸ்விஃப்ட்யூஐக்கு வந்த நேவிகேஷன் ஸ்டாக்கில், கடந்துவந்த பாதையே ஒரு சாதாரணத் தரவுப் பட்டியல் என்பதால், அதன் கடைசி உறுப்பில் அடுத்த தொழிலாளரை எழுதிவிட்டால் திரை மாறிவிடும். திரைகளைக் கையாளாமல் தரவைக் கையாளும் இந்த முறை ஸ்விஃப்ட்யூஐயின் பழைய நேவிகேஷன் வியூவை விடப் பெருமளவு தெளிவானது. அந்தப் பாதையைக் கோப்பில் எழுதிவைத்தால், அழைப்பொன்று வந்து செயலி பின்புலத்தில் மூடப்பட்டாலும், மீண்டும் திறக்கும்போது அதே மலையின் அதே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்தலாம்.

உள்நுழைவுத் திரைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். ஒரே கருவியை இருவர் மாறிமாறிப் பயன்படுத்தும் இடத்தில் உள்நுழைவிலிருந்து புஷ் செய்திருந்தால், ஓர் இழுப்பில் கடவுச்சொல் திரைக்குத் திரும்பலாம். வெளியேறும்போது உள்நுழைவைப் புஷ் செய்திருந்தால், முந்தையவருடைய பதிவுக்கே திரும்பலாம். எல்லாத் திரைகளையும் தாங்கும் விண்டோவின் அடிக் கண்ட்ரோலரையே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. இன்றைய நிறுவை, மாதக் கணக்கு என்று சமமான பகுதிகள் இருந்தால் பகுதிகளுக்கிடையே தாவும் டேப் பார் வைத்து, ஒவ்வொரு டேப்புக்கும் தனி நேவிகேஷன் கண்ட்ரோலர் கொடுக்க வேண்டும். அன்ட்ரொய்டுக்கு மாற விரும்புவோருக்கும் இந்தச் சிந்தனை அப்படியே உதவும்: அங்குள்ள நேவ்கண்ட்ரோலரில் ‘பொப் அப் டூ’ என்ற விதியைக் கொண்டு, எந்தத் திரைவரை அடுக்கைக் களைந்துவிட்டுப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர் யூஐகிட்டா நேவிகேஷன் ஸ்டாக்கா என்று கேட்டால், செயலி ஓடவேண்டிய தொலைபேசியைப் பார்த்தே நான் விடை சொல்வேன். நேவிகேஷன் ஸ்டாக்குக்கு ஐஓஎஸ் 16 தேவை. அது ஐபோன் 8 முதல்தான் கிடைக்கிறது, ஐபோன் 7 ஐஓஎஸ் 15உடன் நின்றுவிட்டது. இரண்டாங்கையாக வாங்கிய ஐபோன் 7 கைகளில் இருக்கும் இடத்துக்கு எழுதுவதானால், யூஐகிட்டின் நேவிகேஷன் கண்ட்ரோலரில் புஷ்ஷையும், பதிவுப் படிவத்துக்கு இழுப்புத் தடுக்கப்பட்ட மோடலையும் வைத்து எழுதுங்கள். ஐபோன் 8உம் அதற்குப் பிந்தியனவும் மட்டுமே போதுமென்றால் நேவிகேஷன் ஸ்டாக்கில் தொடங்குங்கள்; அங்கேயும் அந்தப் படிவத்தை ஷீட்டாகவே (தாள் வடிவ மோடலாகவே) திறந்து, இழுத்து மூடுவதைத் தடுக்கும் ‘இன்டரெக்டிவ் டிஸ்மிஸ் டிஸேபிள்ட்’ என்ற மோடிஃபயரைச் சேர்த்துவிடுங்கள்.