பகையைப் பலகையில் விரித்த விளையாட்டு: கேம் ஆஃப் த்ரோன்ஸ் போர்டு கேம்

பரம்பரைப் பகை எப்படிப் பிரபு வம்சங்களின் கூட்டணியைத் தீர்மானிக்கிறது என்பதை 2011-இல் வந்த இந்த இரண்டாம் பதிப்பு அற்புதமாகக் காட்டுகிறது. 10 சுற்றுகள், முதலில் 7 கோட்டைகளைப் பிடிப்பவருக்கு வெற்றி.

ஆட்டத்தில் வரும் வம்சங்களில் லானிஸ்டரும் கிரேஜாயும் அண்டை வீட்டார். ஆட்டம் தொடங்கும்போதே போர் வரிசையில் கிரேஜாய் 1-ஆம் இடம், லானிஸ்டர் 6-ஆம் இடம். பலம் சமமானால் வரிசையில் மேலே இருப்பவருக்கே வெற்றி. சண்டையில் உதவும் வாள் வில்லையும் கிரேஜாயிடம், அதனால் சுற்றுக்கு ஒருமுறை பலத்தில் 1 கூடும். கோல்டன் சவுண்ட் கடற்பகுதியில் லானிஸ்டருக்கு இருப்பதோ ஒரே கப்பல். அது முதல் சுற்றிலேயே போனால் மீள்வது பெரும்பாடு. ஆகவே லானிஸ்டர் ஆடுபவர் ஆணை வில்லைகளை (படைகள் என்ன செய்யும் என்பதைச் சொல்பவை) வைக்கும் முன்பே, வடக்கே உள்ள ஸ்டார்க் வம்சத்தை ஆடுபவரிடம் பேசி, கிரேஜாயை வடக்கே இழுக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் எந்த வாக்குறுதியும் கட்டுப்படுத்தாது. ஆணைகள் கவிழ்த்தே வைக்கப்படும்; ஆதரவு ஆணை வைத்த நண்பர், சண்டை வந்ததும் எதிரிக்கே கைகொடுக்கலாம். புதியவர்கள் சறுக்கும் இடம் வேறு: தரைப்படை கடற்போருக்கு ஆதரவு தர முடியாது. ரெய்டு ஆணைகள் (எதிரியின் ஆணையை நீக்குபவை) படை நகர்வுக்கு முன்பே நடப்பதால், ஆதரவு அங்கேயே அடிபட்டும் போகும்.

6 பேர் கிடைத்தால் மட்டும் எடுங்கள். 3 பேர் ஆட்டத்தில் கிரேஜாய் இல்லை. லானிஸ்டருக்கு அந்தப் பயமே இல்லாமல் போகிறது.