இரண்டு சமன்பாட்டில் வாக்கியக் கணக்கு: பல வருடப் புழக்கத்தில் எது தாக்குப்பிடித்தது

எக்ஸ், ஒய் என்று தெரியாத எண் இரண்டு வரும் இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்க, ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் வரைபடம், பிரதியிடல் (ஒன்றை மற்றதன் மூலம் எழுதி அடுத்த சமன்பாட்டில் போடுவது), நீக்கல் (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒன்றை ஒழிப்பது), குறுக்குப் பெருக்கல் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டில் டியூஷன் எடுக்கிற எனக்கு நான்கும் வருடக்கணக்காகப் பழகியவை. எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். ஆனால் மதிப்பெண் போவது அங்கே இல்லை, அதற்கு முந்தைய இரண்டு வரிகளில்.

முதல் வரியில் பிள்ளைகள் “எக்ஸ் = பேனா” என்று எழுதிவிடுவார்கள். பேனாவின் விலையா, எண்ணிக்கையா? கேட்டால் விழிப்பார்கள். “ஒரு பேனாவின் விலை எக்ஸ் ரூபாய்” என்று முழு வாக்கியமாக எழுத வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதனால்தான் பேனாவுக்குப் ‘பே’, நோட்டுக்கு ‘நோ’ என்று முதலெழுத்து வைப்பதை நான் அனுமதிப்பதில்லை. எழுத்து பொருளையே குறிக்கிறது என்ற நினைப்பை அது வளர்த்துவிடும்.

அடுத்தது வயதுக் கணக்கு. அப்பாவின் வயது மகன் வயதைப் போல் 3 மடங்கு, 10 வருடம் கழித்து 2 மடங்கு. மகன் வயது ஒய் என்றால் அப்பாவுக்கு 3ஒய். இரண்டாவது சமன்பாடு 3ஒய் + 10 = 2(ஒய் + 10). மகனுக்கு 10, அப்பாவுக்கு 30. அந்த அடைப்புக்குறியை விட்டு 2ஒய் + 10 என்று எழுதினால் மகனின் வயது பூஜ்யம் என்று வரும். அதையும் விடையாக எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார்கள்! சரிபார்த்தாயா என்றால், பார்த்தேன், சரியாக வருகிறது என்பார்கள். வரத்தான் செய்யும், தப்பான சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால். விடையைக் கணக்கின் வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் வயது பூஜ்யம் என்று வாய்விட்டுப் படித்தால் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இப்படி ஒன்று இன்னொன்றின் மடங்காக வந்தால் பிரதியிடல் நல்லது. மற்றதற்கெல்லாம் என் கை தானாக நீக்கலுக்குத்தான் போகும். குறுக்குப் பெருக்கலை இப்போது தேர்வுக்காக மட்டும் சொல்லித் தருகிறேன். கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய்க்கு முன்னால் வரும் எண்களை, வரிசையாக எழுதி அம்புக்குறி போடும்போது ஒரு கழித்தல் குறி தவறினால் எங்கே தவறியது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நீக்கலில் எனக்குப் பிடித்த கணக்கு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீரர் என்ற கணித அறிஞர் எழுதிய கணிதசார சங்கிரகம் என்ற நூலில் வருகிறது. 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107; 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றும் என்ன விலை? வழக்கம்போல 7ஆலும் 9ஆலும் பெருக்கினால் எண்கள் பெரிதாகிவிடும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: வகைக்கு 16 பழம், விலை 208. அப்படியானால் ஜோடி 13. கழித்தால் 2 நார்த்தம்பழத்துக்கும் 2 விளாம்பழத்துக்கும் வித்தியாசம் 6, ஒன்றுக்கு 3. நார்த்தம்பழம் 8, விளாம்பழம் 5, அவ்வளவுதான். கெழுக்கள் இடம் மாறி வரும் எந்தக் கணக்குக்கும் இது செல்லும். இலக்கங்களை இடம் மாற்றும் ஈரிலக்க எண் கணக்கிலும், படகு நீரோட்டத்தோடும் எதிர்த்தும் போகும் கணக்கிலும் இதே கூட்டல் கழித்தல்தான்.

வரைபட முறை மெதுவானது, பென்சில் முனை மழுங்கினால் விடையும் நகரும். ஆனாலும் அதை நான் கைவிடவில்லை. 2 டீயும் 3 வடையும் 60 ரூபாய், 4 டீயும் 6 வடையும் 115 ரூபாய் என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். நீக்கலில் 0 = 5 என்று வந்ததும் ஒரு பெண் எழுதியதை அழிக்கப் போனாள். வரைந்து பார் என்றேன். ஒன்றையொன்று தொடாத இரண்டு இணைகோடுகள். “அப்போ நிறைய வாங்கினதுக்குக் கடைக்காரர் 5 ரூபாய் குறைச்சிருக்கார் மிஸ்” என்றாள்.