கடைசிப் புள்ளியில் உங்கள் நாயகி ஏன் தடுமாறுகிறாள்?

கதையில் வரும் வீராங்கனை இறுதிச் சுற்றில் சறுக்க வேண்டும். வெறுமனே "பதற்றம்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். விளையாட்டு உளவியல் இரண்டு விளக்கங்கள் தருகிறது.

ஒன்று, கவனச் சிதறல். தோற்றால் என்ன ஆகுமோ என்ற கவலை யோசிக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நகர்வுகளை முன்கூட்டியே கணிக்க வேண்டிய சதுரங்க வீராங்கனைக்கு இது பொருந்தும்.

இன்னொன்று, தன்னையே கண்காணிப்பது. உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பக்கம்தான் நின்றது: பழகிப்போன அசைவைக் கூர்ந்து கவனித்தால் அது குலையும். ஆயிரம் முறை தானாக வந்த சர்வீஸ், மணிக்கட்டைப் பற்றி யோசித்த நொடியில் வலையில் விழுகிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். அக்கறை கூடக்கூட ஆட்டம் கெடுகிறது. வாசகருக்கு அவள்மேல் கோபம் வராது, நெஞ்சு பதைக்கும். மனக்குரலும் முழங்கை, விரல், மூச்சு என்று துண்டு துண்டாக உடையலாம். ஆனால் கற்றுக்குட்டிக்கு இதை எழுதாதீர்கள்; அவள் அசைவுகளைக் கவனித்தே ஆக வேண்டியவள்.

மீட்சியும் வேறு. முதலாமவள் போட்டிக்கு முன்பே கவலைகளைத் தாளில் கொட்டலாம். இரண்டாமவள் தன் கையை மறந்து, பந்து விழ வேண்டிய இடத்தை மட்டும் பார்க்கட்டும்.