சுருதி விலகாத கிட்டாரும் கம்பி மாற்றும் தொல்லையும்

கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சுருதியை அசைக்கும் ட்ரெமொலோ, அதிலும் கம்பியை இரு முனையிலும் பூட்டும் ‘இரட்டைப் பூட்டு’ வகை, பொருத்திய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று தள்ளுபடியில் கிடைப்பதாகவும், அதே வகைக் கிட்டாரை நான் பல ஆண்டுகளாக வாசித்து வருவதால் வாங்கலாமா என்று சொல்ல வேண்டும் என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பிக்கப் என்ன வகை, கழுத்து எவ்வளவு மெல்லியது, உடல் எந்த மரம் என்பதையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கம்பி மாற்றுவது. நான் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான். புதுக் கம்பி ஏற்றி முடித்த கையோடு எழுதுவதால் சூடு சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ட்ரெமொலோவில், அதை அசைக்கும் நெம்புகோலான வாமி பாரை அழுத்தினால் கம்பிகள் தளர்கின்றன. கையை எடுத்ததும் அவை, கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் குறுக்குக் கட்டையான நட்டின் பள்ளத்திலும், கம்பியை முறுக்கும் டியூனரின் சுற்றுகளிலும் எங்காவது சிக்கிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடுகின்றன. ஃபிளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் 1970களின் பிற்பகுதியில் இதற்குக் கண்ட தீர்வு, கம்பியை நட்டில் ஒரு முறையும், உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒரு முறையும் இறுக்கிப் பூட்டிவிடுவது. நழுவ இடமே இல்லாதபோது சுருதி எங்கே போகும்? பாரை உடலோடு ஒட்டும்வரை அழுத்தி, ஆறு கம்பிகளும் தொளதொளவென்று தொங்கிய பிறகும், விட்ட மறுகணம் பழைய சுருதியிலேயே வந்து நிற்கின்றன. வாரக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கிட்டாரை எடுத்து நேரே வாசிக்கத் தொடங்கலாம். இத்தனை ஆண்டுகளில் இந்த ஒரு விஷயத்தில் அது என்னைக் கைவிட்டதே இல்லை.

ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டிய நாளும் வரத்தானே செய்யும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் பின்பக்கம் வழியாகக் கம்பியைக் கோத்து இழுத்து, டியூனரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தை வெட்டினால் வேலை முடிந்தது. இங்கே நட்டில் மூன்று சிறு இரும்புத் தகடுகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளைப் பிடித்திருக்கும். 3 மி.மீ. ஆலன் கீயால் அவற்றைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜின் பின்னால் நீண்டிருக்கும் திருகைத் தளர்த்திப் பழைய கம்பியை உருவ வேண்டும். திருகை ஒரு சுற்று அதிகமாகத் தளர்த்திவிட்டால், கம்பியை அழுத்திப் பிடிக்கும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய எஃகுத் துண்டு துள்ளி விழுந்து கட்டிலுக்கடியில் போய்விடும். அதைத் தேடி எடுத்த பிறகு, புதுக் கம்பியின் நுனியில் இருக்கும் உருண்டையையும் அதையொட்டிய முறுக்கையும் கட்டிங் பிளேயரால் வெட்டியெறிந்து, வெறும் நுனியை அந்தத் துண்டுக்கும், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலுக்கும் நடுவே கோணாமல் நிறுத்தி இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால், சுருதி ஏறும்போது கம்பி பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மிஞ்சினால் மரை போகும். விலை குறைந்த நகல் பிரிட்ஜ்களில் உலோகம் மென்மையானது என்பதால், மரை போவது வெறும் பயமுறுத்தல் அல்ல.

இதுவரை சொன்னது கைவேலை, பழகிவிடும். பொறுமையைச் சோதிப்பது அடுத்த கட்டம்தான். இந்தப் பிரிட்ஜ் உடலில் நிலையாகப் பதிந்திருப்பதில்லை; இரண்டு ஆணிகளில் சாய்ந்து நின்று, முன்னால் கம்பிகளின் இழுவையையும் பின்னால் ஸ்பிரிங்குகளின் இழுவையையும் தராசு முள்போல ஈடு செய்துகொண்டிருக்கிறது. ஆறாம் கம்பியை முறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவந்தால் பிரிட்ஜ் சற்று முன்னால் சாயும். மற்ற ஐந்தும் தளரும். ஐந்தாவதைச் சரிசெய்தால் ஆறாவது இறங்கியிருக்கும். ஒன்று முதல் ஆறு வரை திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் விலகல் கொஞ்சம் குறைவதைப் பார்த்து ஆறுதல் கொள்ள வேண்டியதுதான். எல்லாம் நின்ற பிறகு நட்டைப் பூட்டினால், பூட்டும் அழுத்தத்திலேயே சுருதி இம்மியளவு ஏறிவிடும். அதை இறக்குவதற்காகத்தான் பிரிட்ஜில் ஃபைன் டியூனர்கள் என்ற நுணுக்கத் திருகுகள் இருக்கின்றன. பூட்டுவதற்கு முன்பே அவற்றை நடுநிலையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருக இடமில்லாமல் மறுபடியும் நட்டைத் திறக்க நேரும்.

ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டினால் சமநிலை அதிகம் குலையாது என்பது உண்மை. ஆனால் விரல் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டைத் துடைக்க வேண்டுமானால் ஆறையும் கழற்றியாக வேண்டும். அப்போது பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில், துணி சுற்றிய ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிச் செருகிவிடுகிறேன்; ஸ்பிரிங்குகள் அதைப் பின்னால் இழுத்துக் கவிழ்ப்பதில்லை. கடையில் விற்கும் எந்தக் கருவியையும்விட இந்தக் குச்சிகள் உருப்படியானவை. கம்பியின் தடிமனை மாற்றும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25.5 அங்குல நீளத்தில் 9-42 செட்டின் (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம்) மொத்த இழுவை சுமார் 38 கிலோ என்றால், 10-46 செட்டுக்கு அது சுமார் 47 கிலோ. அந்தக் கூடுதல் இழுவைக்கு ஈடாகப் பின்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, சுருதி சேர்க்கும் படலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்து என்ன செய்கிறது தெரியுமா? கம்பி மாற்றுவதையே தள்ளிப்போட வைக்கிறது. சென்னைக் கடற்காற்றிலும் விரல் வியர்வையிலும் மெல்லிய கம்பிகளில் சீக்கிரமே துரு பூக்கிறது. தடித்த கம்பிகளின் சுற்றுகளுக்கிடையில் அழுக்கேறி, மேல் சுரங்கள் அடங்கி, ஓசை மந்தமாகிறது. வேறு கிட்டாராக இருந்தால் அன்றே மாற்றியிருப்பேன். இதில், விரல் நுனி கறுத்தாலும், ‘அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றிவிடுகிறது. ஆக, சுருதி விலகாத கிட்டாரில் செத்த கம்பிகளை வாசித்துக்கொண்டிருப்பதே என் வழக்கமான நிலை. பாலிமர் பூச்சுள்ள கம்பிகள் கணிசமாக அதிக நாள் உழைக்கின்றன. விலை கூடுதல் என்றாலும் இந்தக் கிட்டாருக்கு அவையே சரி. விரலுக்கடியில் அந்த வழுக்கல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கம்பி மாற்றுவது அதைவிடப் பிடிக்கவில்லை.

எனவே நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதுதான். வாமி பாரை எப்போதாவது லேசாக அசைக்கிறவருக்கு இந்தப் பூட்டெல்லாம் தேவையே இல்லை. அசையாத பிரிட்ஜ் உள்ள ஹார்ட்டெயில் கிட்டார் போதும். பாதிக் கச்சேரியில் கம்பி அறுந்தாலும் அதில் மிச்சம் ஐந்தும் ஏறத்தாழச் சுருதியில் நிற்கும். இதில் மிச்ச ஐந்தின் சுருதியும் போய்விடும். அப்படியானால் உங்கள் கிட்டாரைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று அவர் அடுத்துக் கேட்பார். கொடுப்பதாக இல்லை. இப்போதுதான் புதுக் கம்பி ஏற்றியிருக்கிறேன், பாரை அழுத்தி விட்டால் சுருதி அச்சாகத் திரும்பி வருகிறது.